அறுபத்தோராவது பிழை

ரங்கெல் என்ற பெயரை எதெல்கா முதன்முதலில் கேட்டது தொலைபேசியில். பன்னிரண்டு வருடம் ஆகிறது. செப்டம்பர் மாதம், திராட்சை பறிக்கிற வாரம். பேசியவள் பக்கத்து வீட்டு வில்மா.

"ஒங்க மொழிபெயர்ப்பாளர் வீட்டு ஆளு ஒருத்தன் என் வாத்துக் கொட்டில்ல குந்தியிருக்கான். கையில தையக்காரன் டேப்பு. வாத்தோட கழுத்த அளக்குறான். பேரு ரங்கெலாம், பல்கேரியாவாம். வாத்து கடிச்சா நான் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்."

அப்படி ஓர் ஆள் வந்து இறங்கியதே எதெல்காவுக்குத் தெரியாது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு பெட்டி மட்டும் நின்றது. சாவி வாங்குவதற்கு முன்பே அவன் வாத்தைத் தேடிப் போய்விட்டான். அவன் கொண்டுவந்திருந்த நாவலில் ஒருத்தி வாத்தைக் கொழுக்க வைக்க அதன் தொண்டையில் மக்காச்சோளம் திணிக்கிறாளாம். விரல் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று தெரியாமல் அந்த வரியை எப்படி எழுதுவது என்று கேட்டான். கேட்கும்போது அவனுடைய கட்டைவிரலில் ரத்தம். வாத்து கடித்துத்தான் இருந்தது.

ஹங்கேரியின் பாலட்டன் ஏரிக்கரையில் இருக்கிற அந்த வீட்டில் நான்கு அறைகள். ஹங்கேரிப் புத்தகங்களைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் பல தேசங்களிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். சாவி, படுக்கை விரிப்பு, அடுப்பு, சனிக்கிழமை மதியச் சாப்பாடு எல்லாம் எதெல்காவின் பொறுப்பு. ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். வந்தவர்கள் கட்டி அழுத புத்தகங்களில் ஒன்றைக்கூட அவள் முழுதாகப் படித்ததில்லை. ஆனால் ஆள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். பின்லாந்து அம்மாள் சன்னலோரம் நின்றபடி முணுமுணுப்பாள். போலந்துக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையோடு சண்டை போடுவார். ரங்கெல் காலுறையோடு வராந்தாவில் நடப்பான். இந்தக் காலத்து எழுத்தாளர்கள் சிலர் முற்றுப்புள்ளி வைக்க மனம் வராதவர்கள். ஒரு வருடம் அவனிடம் வந்த வாக்கியம் ஒன்று பதினொரு பக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். நடை நின்று கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டபோது வாக்கியம் முடிந்தது என்று எதெல்கா தெரிந்துகொண்டாள். அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது.

கேள்விகள் தனி. அடுப்படியில் வந்து நின்றுகொண்டு கேட்பான். "அத்தை, மீன் சூப்புல தலைய எப்ப எடுப்பீங்க? கொதிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பசிக்கிறதுக்கு முன்னாடி. தள்ளி நில்லு."

அவன் அதையும் எழுதிக்கொள்வான். பொறுமை இருக்கிறவரை அவள் அவனைத் தம்பி என்பாள். தீர்ந்துவிட்டால் பல்கேரியாக்காரன். வெள்ளிக்கிழமைக்குள் பெரும்பாலும் பல்கேரியாக்காரன் ஆகிவிடுவான்.

எழுத்தாளர்களுக்கும் அவனுக்கும் ஒத்துப்போனதே இல்லை. காரணம் பட்டியல். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதில் தான் கண்ட பிழைகளை எண் போட்டு, பக்கம் குறித்து, 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி ஆசிரியருக்கே அனுப்பிவைப்பான். உங்கள் நான்காம் அத்தியாயத்தில் முழுநிலா வருகிறது, அன்று நிலவே கிடையாது, பழைய நாட்காட்டியைப் பார்த்தேன் என்பான். அந்த மலைச்சரிவில் அந்த வாரம் பிளம் மரம் பூக்காது என்று ஒரு பெண் கவிஞருக்கு எழுதினான். 'என் கவிதையில் பூக்கும்' என்று ஒற்றை வரியில் அஞ்சலட்டை வந்தது. அதற்கும் எண் போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டான். ஜூன் மாதம் புடாபெஸ்டில் புத்தக வாரம் நடக்கும்போது, வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாவலாசிரியர் தூரத்தில் ரங்கெல் வருவதைப் பார்த்துவிட்டு, சிகரெட் பிடிக்கிறேன் என்று கடைக்குப் பின்னால் போனவர் அன்று திரும்பவே இல்லையாம். அதை எதெல்காவிடம் சொன்னவன் ரங்கெல்தான். அவர் புகைபிடிக்காதவர், அதுவே ஒரு முரண்பாடு என்றான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் அம்ப்ரூஷின் நாவலோடு வந்தான். அப்போதுதான் எதெல்காவுக்கு எரிச்சல் போய்ப் பயம் பிடித்தது.

செபொக் அம்ப்ரூஷ் இந்த ஊர்க்காரர். மேலே குன்றில், தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார். எதெல்காவை விட ஐந்து வயது மூத்தவர். அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அந்த நாவல் வந்து அப்போதே முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒன்பது பதிப்பு. ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு பிரதி உண்டு. எதெல்காவின் வீட்டில் கண்ணாடி அலமாரியில், அவர் கையெழுத்தோடு. அதை ஒரு தடவை படிக்க எடுத்தாள். ஏழாம் பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற ஒருத்தியின் தோல் பை வந்தது, பித்தளைப் பூட்டு ஒன்று உடைந்த பை. அது அவளுடைய அம்மாவின் பை. மூடி வைத்தவள் பிறகு திறக்கவில்லை.

ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று நான்கு தலைமுறைக்கு எதெல்கா சொல்லுவாள். அம்ப்ரூஷின் அம்மா பொர்பாலா, ஆற்றங்கரை மில்காரரின் இரண்டாவது மகள். அப்பா லொரின்ஸ், வில்மாவின் தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நாற்பத்தைந்தாம் வருடம் ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று லொரின்ஸைப் படைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பனி உருகிய மார்ச்சில் ரஷ்யப் படை ஊருக்குள் வந்தது. பெண்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு திராட்சை ரசக் குகைகளில் ஒளிந்தார்கள். பொர்பாலா ஒளிந்த குகைக்குக் கதவு இல்லை. அம்ப்ரூஷ் பிறந்தது அந்த டிசம்பர் இருபத்து நான்கு. லொரின்ஸ் போர்க்கைதிச் சிறையிலிருந்து திரும்பி வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கியிருந்தது. வந்த அன்றே அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கத் தெருவழியே தேவாலயம் வரை நடந்து திரும்பினார். மாதம் எண்ணத் தெரியாதவர்கள் என்று இந்த ஊரில் யாரும் இருந்ததில்லை. அன்றோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நிறுத்தியது எப்படி என்றால், பெயர் நாளால். ஹங்கேரி நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு, டிசம்பர் ஏழு அம்ப்ரூஷ் என்ற பெயருக்குரிய நாள். அன்று ஊரே குன்றேறிப் போகும். புட்டி, பன்றித் தொடை, வால்நட் ரொட்டி எல்லாம் போகும். பெயர் நாளை இப்படிக் கொண்டாடிவிட்டால் பிறந்த நாளை யாரும் கேட்கத் தேவையில்லை. எதெல்காவின் அம்மா சாகிறதற்கு முன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் சொன்னாள். அம்ப்ரூஷுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அம்ப்ரூஷ் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்த சனிக்கிழமைக்கு முந்தின நாள், எதெல்கா கெண்டை மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். ரங்கெல் பட்டியலோடு வந்து நின்றான். அவரிடம் கேட்பதற்கு முன் அவளிடம் ஒத்திகை பார்ப்பது அவன் வழக்கம். அறுபத்து மூன்று பிழைகள். அறுபத்தோராவதை வாசித்தான். நாவலில் கணவனை இழுத்துக்கொண்டு போவது மூன்று ராஜாக்கள் திருநாள். மனைவிக்குப் பிள்ளை பிறப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஆசிரியர் கவனிக்கவில்லை, பாவம். மூன்று ராஜாக்கள் திருநாளை எடுத்துவிட்டு, ஏப்ரலில் வருகிற ஈஸ்டர் என்று போட்டால் கணக்கு சரியாகிவிடும். அனுமதி வாங்கிக்கொண்டு மாற்றிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் தலைநகர் சோஃபியாவில் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றான்.

எதெல்காவின் கையிலிருந்த கத்தி நின்றது. நாவலில் பெயர்கள்தான் வேறு. தேதிகளை அண்ணன் தன் வீட்டில் கேட்டபடியே, கணக்குப் பார்க்காமல், வெள்ளையாக எழுதிவிட்டார் என்று நினைத்தாள். அதைப் போய் இவன் சாப்பாட்டு மேசையில் விரலை மடக்கி எண்ணிக் காட்டினால், எழுபத்தெட்டு வயதில் அந்த மனிதர் தெரிந்துகொள்வார், சூப்புக் கிண்ணத்தின் முன்னால், வில்மாவும் பார்க்க.

"அந்த ஒண்ண மட்டும் எடுத்துடு, தம்பி."

"ஏன் அத்தை? ஆதாரம் வேணுமே."

"நான் சொல்றேன்ல. அதான் ஆதாரம்."

"நீங்க புஸ்தகமே படிக்கலயே."

அவள் மீனைத் திருப்பிப் போட்ட வேகத்தில் செதிள் அவன் கண்ணாடியில் ஒட்டியது. கடிதத்தில் கேட்டுக்கொள் என்றாள். நேரில் கேட்பதுதான் மரியாதை என்றான். சூப்பு முடியும்வரை கேட்க மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தான். அன்று சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரத்தில் பட்டியலை எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டாள். மறுநாள் காலை அதை அவனே உதறிக்கொண்டு வந்தான். "மாவுல விழுந்து கெடந்துச்சு அத்தை. நல்லவேளை, எனக்கு மனப்பாடம்." அப்பம் சுட மாவு எடுக்கப் போயிருக்கிறான். பன்னிரண்டு வருடத்தில் அவன் சமைத்தது அந்த ஒரே நாள்தான்.

மழை வந்தால் அண்ணன் வரமாட்டார் என்று வானத்தைப் பார்த்தாள். வெயில் அடித்தது. அம்ப்ரூஷ் கைத்தடியோடு, பை நிறைய வால்நட்டோடு இறங்கி வந்தார். வில்மாவும் வந்தாள், சனிக்கிழமை அவள் வராமல் இருந்ததில்லை.

சூப்பு முடிந்தது. கிண்ணங்களை எடுப்பதற்குள் ரங்கெல் தொடங்கிவிட்டான். பன்னிரண்டாவது பிழை: குகைக்குள் இறங்க இருபத்து மூன்று படி என்று எழுதியிருக்கிறீர்கள், நான் போய் எண்ணினேன், பத்தொன்பதுதான்.

"ஏறும்போது எண்ணினியா, எறங்கும்போது எண்ணினியா?" என்றார் அம்ப்ரூஷ்.

"ரெண்டு தடவையும்."

"குடிச்சிட்டு ஏறிப் பாரு. இருபத்து மூணு வரும்."

வில்மா சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. ரங்கெல் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டான். முப்பத்து மூன்றாவது வாத்து பற்றியது, அதில் வில்மாவே சாட்சி சொன்னாள். நாற்பத்தெட்டில் அம்ப்ரூஷின் பொறுமை தீர்ந்தது. இவன் மொழிபெயர்ப்பாளனா, வரி ஆபீஸ்காரனா என்று எதெல்காவைப் பார்த்துக் கேட்டார். அவளுக்கு அந்தக் கோபம் இனித்தது. இன்னும் கொஞ்சம் கோபப்பட்டு எழுந்து போய்விட்டால் போதும் என்றிருந்தது. அவர் எழவில்லை.

அறுபது முடிந்ததும் அவள் எழுந்தாள். தயிர்க்கட்டி போட்ட நூடுல்ஸ் ஆறிப்போகிறது, பிறகு பேசலாம் என்று சொல்லிக் கரண்டியை ரங்கெலின் தாளுக்கு மேலேயே நீட்டினாள். அவன் கரண்டியை நகர்த்திவிட்டு, தேதிகளை வாசித்தான். ஜனவரி ஆறு. டிசம்பர் இருபத்து நான்கு. பதினோரு மாதம், பதினெட்டு நாள்.

வில்மா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எதெல்காவுக்குத் தெரிந்தது.

எதெல்கா பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்ப்ரூஷ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "உக்காரு எதெல்கா. அவன் முடிக்கட்டும்."

"ஈஸ்டர்னு மாத்திடலாமான்னு கேக்கணும்" என்றான் ரங்கெல். குரல் இறங்கியிருந்தது. தான் எங்கே கால் வைத்துவிட்டோம் என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஓரிடத்தில் வைத்துவிட்டோம் என்று தெரிந்திருந்தது.

அம்ப்ரூஷ் கண்ணாடியைக் கழற்றி மேசைவிரிப்பின் நுனியில் நிதானமாகத் துடைத்தார். "முப்பத்தோரு வருஷம்" என்றார். "ஒம்பது பதிப்பு. விமர்சகனுங்க, பேராசிரியருங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, எல்லாரும் படிச்சாங்க. ஒருத்தரும் எண்ணல. எண்ணினவங்க எங்கிட்ட கேக்கல. யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருந்தேன். இப்ப மறந்துபோச்சு."

அப்படியென்றால் அண்ணனுக்குத் தெரியுமா என்று எதெல்கா கேட்டாள்.

"ஒங்கம்மாதான் சொன்னா. இருபது வயசுல போய்க் கேட்டேன். ஒங்கிட்ட சொல்ல மாட்டேன்னு அப்பவே எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

இத்தனை வருடம் நெஞ்சில் வைத்துக் காத்த எதெல்காவுக்கு, செத்துப்போன அம்மாவின் மேல் வந்த எரிச்சலில், ரங்கெலின் மேல் இருந்தது கொஞ்சம் குறைந்தது. நூடுல்ஸை எல்லோர் தட்டிலும் தேவைக்கு மேல் போட்டாள்.

ரங்கெல் காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவன் பென்சில் அசையாமல் இருந்து அவள் பார்த்தது அன்றுதான். "அப்ப மாத்த வேணாம்" என்றான் மெதுவாக.

"ஒரு நாள்கூட மாத்தாத. ஒங்க ஊர்லயாவது நாலு பேர் எண்ணிப் பாக்கட்டும்."

அவன் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து அறுபத்தோராவதை அழித்தான். தாளில் ஒட்டியிருந்த மாவையும் ஊதித் தட்டினான். குகையின் படிகளை அழிக்கவில்லை. அது பிழைதான் என்று மறுநாள்கூட எதெல்காவிடம் சாதித்தான்.

போன வருடம் புத்தகம் சோஃபியாவில் வந்தது. அதோடு ஓய்வான் என்று பார்த்தால், இந்த டிசம்பர் பத்தாம் தேதி தொலைபேசியில் கூப்பிட்டான். பெயர் நாள் முடிந்து மூன்று நாள். குன்றுக்குப் போன புட்டிகளெல்லாம் காலியாகிவிட்டன. இருபத்து நான்காம் தேதி வீட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்றான். கிறிஸ்துமஸுக்கு வீடு பூட்டியிருக்கும், குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்தாகிவிட்டது, அன்று யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள், உனக்குக் குடும்பம் இல்லையா என்று எதெல்கா கால் மணி நேரம் திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்களிடம் எத்தனை சென்டிமீட்டர் கேக் தட்டு இருக்கிறது என்று கேட்டான்.

ஒரு நாள் முன்பாக, நேற்றே வந்து இறங்கினான். பெட்டியில் சட்டையை விட மெழுகுவர்த்தி அதிகம். எண்பது. இன்று காலையிலிருந்து அடுப்படியில் அந்தத் தையக்காரன் டேப்போடு நின்றான். ஒன்றுக்கொன்று இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், உங்கள் தட்டு பத்தாது என்றான். ஐம்பது போதும் என்று அவள் சொன்னதற்கு, அம்ப்ரூஷுக்கு வயது ஐம்பது இல்லை என்றான். கடைசியில் வில்மா வீட்டில் வாத்து சுடுகிற தகரத் தட்டை வாங்கி வந்து அதில் கேக் சுட்டாள் எதெல்கா. வீட்டில் அவள் தன் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய மீன் இன்னும் செதிளோடு கிடந்தது. கேக்கில் லேசாக வாத்து வாசனை வருகிறது என்று அவன் சொன்னதும் அவள் மேலே இன்னொரு கை சர்க்கரை தூவினாள்.

நான்கு மணிக்கு இருட்டத் தொடங்கியது. வாசலில் கேக்கைத் தூக்கியவன் மறுபடி கீழே வைத்தான். மெழுகுவர்த்திகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். எழுபத்தொன்பது வந்தது. உள்ளே ஓடிப்போய் மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து ஓரத்தில் குத்தினான். எதெல்கா தன் தோளில் கிடந்த கம்பளித் துண்டை எடுத்து, பனி விழாமல் தட்டின் மேல் கூடாரம் போல் போர்த்திவிட்டாள். வழுக்கும், பார்த்துப் போ தம்பி என்றாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மணி இப்போது ஐந்து. ரங்கெல் அம்ப்ரூஷின் வீட்டில் இருக்கிறான்.